கடைசி நாள் கணக்கு!

எங்கள் ராசிங்காபுரத்தில் கால்பந்து என்று பேச்செடுத்தால், "அது மலைக்கு அந்தாண்ட உள்ளவன் ஆட்டம்ப்பா" என்று எழுந்து போய்விடுவார்கள். எங்களுக்கு கிரிக்கெட், விட்டால் கபடி. ஆகவே, கோயமுத்தூரில் காலேஜ் படித்த என் அக்கா மகன் 2018-ல் போன் போட்டு, "மாமா, நம்ம சென்னை சிட்டி டீமுக்குப் புது கோச் வந்திருக்காரு... சிங்கப்பூர்க்காரரு!" என்றபோது, "பரீட்சை எப்படா?" என்றுதான் கேட்டேன்.

பெயர்தான் சென்னை, குடித்தனம் கோவை நேரு ஸ்டேடியத்தில். 2017-18 ஐ-லீக்கில் பத்து டீமில் எட்டாவது இடம். இருந்த நல்ல ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தார் அக்பர் நவாஸ். எட்டாவது ரேங்க் பையனுக்கு டியூஷன் வாத்தியாரை மாற்றினால் ஏழாவது ரேங்க் வருவான், அதற்கு மேல் என்ன?

அக்டோபர் 26, முதல் ஆட்டம். இந்தியன் ஆரோஸை 4-1 என்று சாத்திவிட்டார்கள். "மான்சி மட்டும் மூணு கோல் மாமா!" பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்றாள். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சிக்குத் தாடி உண்டு என்று போட்டோ காட்டி நிரூபித்த பிறகுதான் எனக்குக் காபி கிடைத்தது. (அந்த சீஸனில் அவர் போட்டது 21 கோல்!)

கோச் என்ன மந்திரம் போட்டார்? பந்தை ஓங்கி உதைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடாதே. பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு, வாங்கு, மறுபடி கொடு. அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பவர்களைக் கேளுங்கள். விளைந்த காயாகப் பார்த்துத்தான் கிள்ளவேண்டும். அவசரப்பட்டுச் சரத்தோடு உருவினால் அடுத்த எடுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. நாலு ஸ்பெயின்காரர்களோடு எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம் பையன்களும் சேர்ந்து அந்தப் பொறுமையைப் பழகிவிட்டார்கள்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி ஆட்டம். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் எதிரே நிற்பது முந்தின வருஷ சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால். ஜெயித்தால் கோப்பை, தவறினால் கோகுலம்தான் காப்பாற்றவேண்டும்!

மருமகன் ஸ்டேடியத்தில். நான் டீக்கடை பெஞ்சில், கையில் போனோடு. மூன்றாவது நிமிஷமே அடித்தது. "போச்சு மாமா, மினர்வா கோல் போட்டுட்டான்." குரலே உடைந்துவிட்டது. இடைவேளை வரைக்கும் அதே 0-1. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போன ஜீப்பெல்லாம் திரும்பி வந்து, இறங்கியவர்கள் என் முகத்தைப் பார்த்து, "என்னண்ணே, யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் பெனால்டி, மான்சி. 1-1. எனக்கு இரண்டாவது டீ. கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் ஒன்று போட்டார். 2-1. "கோழிக்கோட்டுல என்னடா?" "முதல்ல கோகுலம் போட்டுச்சு மாமா, இப்ப ஈஸ்ட் பெங்கால் ரெண்டு திருப்பிட்டான்!" ஆக, இங்கே ஒரு கோல் வாங்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. டீயை வைத்துவிட்டேன். டீக்கடைக்காரரும் பாய்லரை விட்டு வந்துவிட்டார், கால்பந்தில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாத மனுஷன்!

கடைசி நேரத்தில் மறுபடி அதே போரா. 3-1. போனில் ஒரே இரைச்சல். சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு டீம் ஒன்று ஐ-லீக் கோப்பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இன்று ஐ-லீக்கில் அந்த டீமே இல்லை. அக்பர் நவாஸும் எப்போதோ கிளம்பிவிட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் மருமகன் சாப்பிடாமல் எழுந்துவிடுவான்.

அன்றைக்கு மட்டும் பத்து நிமிஷம் கழித்துத்தான் அவன் பேச்சு காதில் விழுந்தது. அழுதுகொண்டிருந்தான். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், "பரீட்சை எப்படா?" என்றேன்.

"நேத்தே ஆரம்பிச்சிருச்சு மாமா... அம்மாகிட்ட சொல்லிராதீங்க!"