பாண்டிக்கா போறீங்க? பக்கத்து ஊர்க்காரங்க சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க!

"பாண்டிக்குப் போயிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பையனாக இருந்தால் அப்பா மேலும் கீழும் பார்ப்பார். பெண்ணாக இருந்தால், "அங்க உனக்கு என்ன வேலை?" என்று அம்மா கேட்பார். ஆபீஸில் சொன்னால் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஊர் விருத்தாசலம். பாண்டி எங்களுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். எங்கள் பக்கம் இன்னொரு வகைப் பாண்டிப் பயணமும் உண்டு. விடியும் முன்பே எழுந்து, பழைய ஸ்கேன் ரிப்போர்ட், மாற்றுத்துணி, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். எங்கே என்று கேட்டால் ஒரே வார்த்தை, "ஜிப்மருக்கு." எத்தனையோ முறை பாண்டிக்குப் போய்வந்தும், கடலையே பார்க்காமல் திரும்பிய அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

குடிக்கப் போகிற ஊர், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஊர். இந்த இரண்டுக்கும் நடுவே குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டிய ஒரு பாண்டி இருக்கிறது. இந்த வாரம் அங்கேதான் போகப்போகிறோம்.

ஒரு மாநிலம், நாலு துண்டு

முதலில் மேப்பைப் பார்த்துவிடுவோம். புதுச்சேரி, சட்டசபையும் முதல்வரும் உள்ள ஒன்றியப் பிரதேசம். மொத்தப் பரப்பளவு சுமார் 490 சதுர கிலோமீட்டர்தான். எங்கள் கடலூர் மாவட்டமே அதைவிட ஏழு மடங்குக்கும் மேல் பெரியது. அந்தச் சின்ன இடமும் ஒட்டி இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டி இருக்கின்றன. மாஹே கேரளக் கடற்கரையில், ஏனாம் ஆந்திராவின் கோதாவரிப் பக்கத்தில்.

இதில் புதுச்சேரிப் பகுதியே பல துண்டுகள். பஸ்ஸில் போகும்போது தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று போர்டு மாறிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வெவ்வேறு காலத்தில் கிராமம் கிராமமாகப் பெற்றதன் மிச்சம் அது. 1954-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16.

எல்லைக்கோடு எப்படிப் போனால் என்ன? கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண் கொடுத்து, அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்கள்தான் நாம். அதனால் டூரிஸ்ட்டாகப் போகாமல், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதுபோலப் போங்கள். பார்க்கிற விதமே மாறிவிடும்.

போகிற வழியும் ஊர்தான்

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் வழியாகப் பஸ்ஸில் போகலாம். காலையிலேயே கிளம்பினால் வடலூரில் இறங்கிவிடுங்கள். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் என்ன என்று கேட்காமல் சாப்பாடு போடுவார்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் இதை அவசியம் காட்டுங்கள்.

கடலூர் தாண்டி, ஆல்பேட்டை சோதனைச் சாவடி, பெண்ணையாற்றுப் பாலம் கடந்தால் சிறிது நேரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். எல்லையைக் கண்டுபிடிக்க போர்டு வேண்டாம். முதலில் தெரிவது வரிசையாக மதுக்கடைகள். அடுத்தது, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ். அந்தக் 'கெப்பி' தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது.

ரயில்தான் வசதி என்றால் விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி ரயில் பிடியுங்கள். அந்தப் பாதையில் வில்லியனூர் வரும். அங்கே இறங்க ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மண் ஊர்க்காரர்கள் தேட வேண்டிய இடம்

விருத்தாசலம் என்றால் பலருக்குப் பழமலைநாதர் கோயில், கொளஞ்சியப்பர், ரயில் ஜங்ஷன். எங்களுக்கு அதோடு செராமிக் தொழிற்பேட்டையும். கார்த்திகைக்கு நீங்கள் ஏற்றும் பீங்கான் அகல்விளக்கோ, பழைய மீட்டர் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியரோ எங்கள் ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம். அதனால் எங்கே போனாலும் மண்பாண்டம் கண்ணில் பட்டால் நின்றுவிடுவோம்.

அப்படி நிற்க வேண்டிய இடம் அரிக்கமேடு. கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் சாலையில் அரியாங்குப்பத்தில் இறங்கி, ஆற்றங்கரைப் பக்கம் ஆட்டோவில் போய்விடலாம். போய் நின்றால், "இதுக்கா வந்தோம்?" என்று தோன்றும். மரங்கள், மேடு, ஓர் இடிந்த செங்கல் கட்டடம். அவ்வளவுதான். அந்தக் கட்டடமும் ரோமானியர் கட்டியது இல்லை. பிற்காலத்துக் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் கட்டியது.

விஷயம் காலுக்குக் கீழே இருக்கிறது. 1945-ல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது, மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகளும், இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளும் கிடைத்தன. அந்த இத்தாலியப் பாண்டங்களின் காலம் முன்பே தெரியும். ஆகவே, அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக் கணக்கே ஓர் உடைந்த தட்டிலிருந்து நிமிர்ந்தது என்று சொல்லலாம். சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பு இந்த ஆற்றங்கரை, ரோமோடு வியாபாரம் செய்த துறைமுகம்.

எல்லை தாண்டி மதுப்பாட்டில் கொண்டுபோகிற கதைக்கும் இங்கேதான் பிள்ளையார் சுழி என்று கிண்டலாகச் சொல்லலாம். ஆனால், அன்று வந்த சாடி வரலாறாக நின்றது. இன்று வருகிற பாட்டில் கடற்கரையில் கண்ணாடிச் சில்லாகக் கிடக்கிறது.

அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களை பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதையும் பார்த்தால்தான் மேடு புரியும். திங்கட்கிழமை விடுமுறை, நினைவில் வையுங்கள்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் வாங்க

இன்ஸ்டாவில் பார்க்கிற மஞ்சள் சுவர், காகிதப்பூ எல்லாம் கடலை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி. ஊரின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடும். அதற்கு மேற்கே தமிழர் பகுதி. பெரும்பாலானவர்கள் வாய்க்காலைத் தாண்டுவதே இல்லை. நம் கதை அந்தப் பக்கத்தில்தான் நிறைய இருக்கிறது.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஆங்கிலேயர் கைதிலிருந்து தப்பி 1908-ல் பாண்டிக்கு வந்தவர், 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். அவர் எழுதியதில் பெரும்பகுதி இங்கே பிறந்தது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1736 தொடங்கி 25 வருடங்கள் தமிழில் நாட்குறிப்பு எழுதிய மனிதர் அவர். வியாபாரம், சண்டை, வதந்தி என்று ஊரே அதில் இருக்கிறது. தெருத் திண்ணையும் மரத்தூணும் உள்ள வீடுகளைப் பார்க்க வைசியாள் வீதியில் நடங்கள்.

ஒன்றே ஒன்று: அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் உட்கார்ந்து ரீல்ஸ் எடுக்கும் முன்பு, "எடுத்துக்கலாங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆரோவில் பற்றி ஒரு தகவல். எல்லோரும் பாண்டி என்று நினைத்துப் போவார்கள். அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கிறது!

கோப்பைக்கு விலை, அகலுக்கு?

வில்லியனூரில் இறங்கச் சொன்னேன் இல்லையா? அங்கே சுடுமண் சிற்பங்கள் செய்கிறார்கள். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைக்காக வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கேயே திருக்காமீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிடலாம்.

இன்னொரு பக்கம், 1971-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் சுற்றுவட்டாரத்தில் சூளை போட, 'பாண்டி பாட்டரி' என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. பாண்டிக் கடையில் கையால் செய்த ஒரு காபிக் கோப்பையின் விலையைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலை சுற்றும்.

எனக்குப் பொறாமை இல்லை, ஆதங்கம்தான். அங்கே ஒரு கோப்பைக்குப் பின்னால் செய்தவர் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது. எங்கள் அகல்விளக்கு டஜன் கணக்கில் மூட்டையில் போகிறது. மண்ணும் நெருப்பும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அடுத்த முறை விருத்தாசலம் வழியாக ரயிலில் போகும்போது, ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். எங்கள் விளக்கையும் ஒருமுறை கையில் எடுத்து, யார் செய்தது என்று கேளுங்கள்.

கடல் அழகுதான், விளையாட்டு இல்லை

மாலையில் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடமாட்டார்கள். தாத்தா பாட்டியோடு காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் பக்கம் மெதுவாக நடக்க அதுதான் நேரம். காசு செலவே இல்லை.

அங்கே பெரிய பெரிய கருங்கற்களைப் பார்ப்பீர்கள். அழகுக்குப் போட்டது இல்லை. கடலை ஒட்டி ஒருகாலத்தில் அகலமான மணல் இருந்தது. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுக்க, வடக்கே இருந்த கரை அரிபட்டுப் போனது. ஊரைக் காக்கக் கல்லைக் கொட்டினால், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களுக்குப் போனது. கடலுக்கு எது மாநில எல்லை? 2018-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தபிறகு, தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

அந்தக் கற்கள் வழுக்கும். செல்ஃபிக்காக இறங்காதீர்கள். சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், அங்கே இழுப்பு அதிகம், முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். குடித்துவிட்டுக் கடலில் இறங்கி, வீடு திரும்பாத பிள்ளைகளின் செய்தியை டெஸ்க்கில் உட்கார்ந்து நானே டைப் செய்திருக்கிறேன். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்.

கிளம்பும் முன் நாலு வார்த்தை

* ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். மெயின் ரோட்டில் ஓடும் ஷேர் ஆட்டோவுக்கு அங்கே 'டெம்போ' என்று பெயர். செலவு குறைவு.

* ஞாயிற்றுக்கிழமை போனால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டைப் பார்க்கலாம். துணிமணி எடுக்கத் தனிப்பை எடுத்துப் போங்கள்.

* மதுப்பாட்டிலோடு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருவது குற்றம். வண்டியும் போகும், பெயரும் போகும். "ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று கேட்கும் மாமாவிடம், "சுடுமண் பிள்ளையார் வேணும்னா வாங்கிட்டு வரேன் மாமா" என்று சொல்லிவிடுங்கள்.

* ஜிப்மருக்கு வருகிறவர்களுக்கு: உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஆள் மாறும்போது இரண்டு மணி நேரம் கிடைத்தால், கோரிமேட்டிலிருந்து ஊருக்குள் பஸ் ஏறுங்கள். காந்தி சிலைக்கு எதிரே ஒரு திண்டில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் கடல் பார்ப்பது தப்பில்லை. பார்த்துக்கொள்கிறவர்களும் மூச்சுவிட வேண்டும் அல்லவா?

பாண்டி என்றதும் சிரிக்கிற அந்தச் சிரிப்பை மாற்ற ஒரே வழி, அம்மாவையும் பாட்டியையும் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு போவதுதான். போய்விட்டு வந்து, எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

அடுத்த வாரம் காரைக்கால், அம்மையார் ஊருக்கு!