தூக்கம் வராத ராஜா

பைபிளில் கடவுள் தலையிட்டால் பிரம்மாண்டம்தான். செங்கடல் பிளக்கும், வானத்திலிருந்து அக்கினி இறங்கும். எனக்கு என்னவோ இந்த ஜாலம் எதுவும் இல்லாத எஸ்தர் புத்தகம்தான் பிடிக்கிறது. அதன் எபிரேய மூலத்தில் கடவுள் பெயரே கிடையாது.

பாரசீக ராஜா அகாஸ்வேரு. இந்தியாவிலிருந்து எத்தியோப்பியா வரை 127 நாடுகள் அவர் கையில். மந்திரி ஆமான் போகும்போது எல்லாரும் விழுந்து கும்பிட, மொர்தெகாய் என்ற யூதர் மட்டும் அசையவில்லை. ஆமானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜ்யத்தில் உள்ள யூதர் அத்தனை பேரையும் ஒரே நாளில் கொல்ல, ராஜ முத்திரையோடு உத்தரவு போட்டுவிட்டான். மொர்தெகாய்க்கு ஸ்பெஷலாக 50 முழத்தில் தூக்குமரம். ராஜாவிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் பாக்கி.

அந்த ராத்திரி ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் சார் அற்புதம்!

நாமாக இருந்தால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். ராஜா, ஆபீஸ் ரிக்கார்டை எடுத்துவந்து படிக்கச் சொன்னார். (தூக்கத்துக்கு நல்ல மருந்து.) அதில் ஒரு பழைய குறிப்பு: வாசல்காவலர் இருவர் ராஜாவைக் கொல்லப் போட்ட சதியைக் கண்டுபிடித்துச் சொன்னது மொர்தெகாய்.

'அந்தாளுக்கு என்ன செஞ்சோம்?'

'ஒண்ணும் செய்யலை.'

அந்த நேரம் பார்த்து வந்து நின்றான் ஆமான். 'நான் கௌரவிக்க நினைக்கிற ஆளுக்கு என்ன செய்யலாம்?' என்றார் ராஜா. நம்மைத்தான் சொல்கிறார் என்று ராஜ உடை, ராஜ குதிரை, ஊர்வலம் என அடுக்கினான். 'பேஷ், மொர்தெகாய்க்கு அப்படியே செய்!'

அன்றைக்கே ராணி எஸ்தர், தானும் யூதப் பெண் என்பதைப் போட்டு உடைத்தாள். 50 முழ மரத்தில் தொங்கியது ஆமான். போட்ட உத்தரவை ரத்து செய்யச் சட்டத்தில் இடமில்லை. எதிர்த்து நிற்கலாம் என்று யூதர்களுக்கு இன்னொரு உத்தரவு வந்தது. தப்பினார்கள். பூரிம் பண்டிகையில் இன்றும் ஆமான் பெயரை வாசித்தால் கிலுகிலுப்பை சுற்றிக் கூச்சல் போடுகிறார்கள்.

தூக்கத்தைக் கலைத்தது கடவுள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் குறிப்பில் மொர்தெகாய் பெயர் எப்படி வந்தது? சதியை ராஜா காதில் போட்டது எஸ்தர். 'நான் கண்டுபிடிச்சேன்' என்று சொல்லியிருக்கலாம். மொர்தெகாய் பேரில்தான் சொன்னாள். யாரோ ஒரு குமாஸ்தா அதை அப்படியே எழுதியும் வைத்தான். அந்தப் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தால், ராஜா விடிய விடிய விழித்திருந்து என்ன பிரயோஜனம்?

அடுத்த தடவை பக்கத்து ஸீட்காரர் யோசனையை மேலதிகாரியிடம் சொல்லும்போது, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கடவுளுக்கு வேலை சுலபம்.