பயிருக்கு 33, முட்டிக்கு 20

மழையில பயிர் போனா, 33 சதவீதமாவது சேதம்னு அதிகாரி எழுதினாத்தான் எங்களுக்கு நிவாரணம். பட்டாளத்துல முட்டி போனவருக்கும் இப்படி ஒரு கோடு உண்டு: 20. மருத்துவக் குழு அதுக்குக் கீழே போட்டா ஊனத்துக்கான பென்ஷன் இல்லை. அப்படிக் கோட்டுக்குக் கீழே போன எங்க ஊர்க்காரர், எண்ணூர்ல ஒரு கம்பெனி கேட்டுல 12 மணி நேரம் செக்யூரிட்டியா நிக்கிறார். “எழுதினது எழுதினதுதானே தம்பி”ங்கிறார்.

இல்லைங்க. மேல்முறையீடு இருக்கு. அங்கயும் மறுத்தா ஆயுதப்படைத் தீர்ப்பாயம்; அதோட கிளை சென்னையிலேயே இருக்கு. “பணியால வந்த குறை இல்ல”ன்னு தள்ளினாலும் விடக்கூடாது. சேரும்போது எந்தக் குறையும் குறிக்காம எடுத்துக்கிட்டு, பின்னால உடல்நிலை சரியில்லைன்னு அனுப்பினா, அது பணியால வந்ததில்லைன்னு நிரூபிக்க வேண்டியது அரசுதான். 2013-ல தரம்வீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றமே சொன்னது. உங்க அபார்ட்மெண்ட் கேட்டுல நிக்கிறவர் பட்டாளத்துக்காரரா? அவர்கிட்டயும் சொல்லுங்க.