தூரத்தைக் கேளுங்கள், மாத்திரையைக் கேளுங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை தொடங்கி மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. விடியற்காலையில் காந்தி சிலையைத் தாண்டி நடப்பவர்களும் ஓடுபவர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். நோயும் முதுமையும் தள்ளிப்போக வேண்டும் என்று மக்கள் தாமாகவே எழுந்து வருவது இந்த ஊருக்குப் பெரிய வரம். அவர்களிடையே புழங்கும் அறிவுரைகள் இரண்டு. வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்பது ஒன்று. எதையாவது சாப்பிடாமல் ஓடினால் மயக்கம் போட்டுவிடும் என்பது மற்றொன்று. எல்லோருக்கும் ஒரே விடை பொருந்தும் என்று நினைப்பதுதான் இரண்டிலும் உள்ள குறை. எவ்வளவு நேரம் ஓடப்போகிறீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல், சாப்பிடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ யாருக்கும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நேரம். நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றித் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் இருக்கும். இரவு நாம் தூங்கும்போது மூளைக்குத் தேவையான சர்க்கரையைக் கல்லீரல்தான் அனுப்புகிறது. அதனால் விடிவதற்குள் அதன் கையிருப்பு பெருமளவு குறைந்துவிடும். தசைகளில் உள்ளதோ அப்படியே இருக்கும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300 கலோரி செலவாகும். தசைகளில் உள்ள கிளைக்கோஜன் மட்டுமே ஆயிரம் கலோரிக்கு மேல் தரும். ஆகவே அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடும் ஆரோக்கியமான ஒருவர் முந்தைய இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால், காலையில் தண்ணீர் குடித்தாலே போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போது கணக்கு மாறுகிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வும், முன்கூட்டிச் சாப்பிடுவது நீண்ட நேர ஓட்டத்துக்குத்தான் கைகொடுக்கிறது, குறுகிய ஓட்டத்துக்கு அல்ல என்றே காட்டியது. ஆரோவில் மாரத்தானில் 21 அல்லது 42 கிலோமீட்டர் ஓட நினைப்பவர், கிளம்புவதற்கு முன்பே இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டுக்கொள்வது நல்லது. நெய்ப் பொங்கலும் வடையும் அந்த நேரத்துக்கு ஆகாது. கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். ஓடும்போது இரத்தம் கால்களுக்குப் போய்விடுவதால் வயிறு தவிக்கும்.

கொழுப்பு கரையும் என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெறும் வயிற்றில் இன்சுலின் குறைவாக இருப்பதால், ஓடும் அந்த நேரத்தில் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கத்தான் செய்கிறது. ஆனால் எடை குறைவது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல. நாள் முழுவதும் உண்டதையும் செலவழித்ததையும் பொறுத்தது. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்கள் நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தார்கள். சிலர் சாப்பிட்ட பிறகு, சிலர் சாப்பிடாமல். இரு பிரிவினரும் ஒரே உணவுத் திட்டத்தில் இருந்தார்கள். எடையும் கொழுப்பும் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பசியோடு ஓடுவதைத் தவமாக நினைத்து வருத்திக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகள் விடியலில் வயலில் இறங்கி, வேலை பாதி முடிந்த பிறகுதானே கூழ் குடித்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆரோக்கியமான உடல் காலையில் பசி தாங்கும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இன்றைய புதுச்சேரி அன்றைய கிராமம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானது. புதுச்சேரியில் வயது வந்தோரில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம், புதுச்சேரியை மிஞ்சியது 26.4 சதவீதத்துடன் கோவா மட்டுமே. கடற்கரையில் ஓடுபவர்களில் கணிசமானவர்கள் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களாக இருப்பார்கள். பொது அறிவுரை அவர்களுக்குத்தான் ஆபத்து.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்பவை. காலை உணவுக்கு முன் போட வேண்டிய அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஓடக் கிளம்பினால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கக்கூடும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே நிலைதான். காலையில் எனக்குச் சர்க்கரை கூடுதலாகத்தானே இருக்கிறது, எதற்குச் சாப்பிட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். விடியலில் சுரக்கும் ஹார்மோன்களால் பலருக்கு அப்படி இருப்பது உண்மைதான். அதனால்தான் ஊகத்தை விட்டுவிட்டு, குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இத்தகைய மருந்து எடுப்பவருக்கு அளவு 100-க்குக் கீழே இருந்தால், 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சிறிய வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்ட பிறகே ஓட வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது மருத்துவரின் வேலை.

இந்த ஊரில் நடக்கவும் ஓடவும் சொல்லாத மருத்துவர் இல்லை. அந்த அறிவுரையோடு, ஓடும் முன் என்ன சாப்பிட வேண்டும், எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். அவர் எழுதவில்லை என்றால் நாம் கேட்டு வாங்க வேண்டும். நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள ஊரில், ஓட்டத்துக்கு முந்தைய உணவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.