இலவச வீடு என்ற கதை

கொழும்பில் பேஸ்லைன் வீதியால் போகும்போது தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்துத் தொடர்மாடிகளைக் காட்டி யாராவது சொல்வார்கள்: "சேரியில் கிடந்த சனத்துக்கு அரசாங்கம் சும்மா வீடு கொடுத்தது, அதையும் நாறடித்து வைத்திருக்கிறார்கள்." வெள்ளவத்தையில் பிளாட் வாங்கிய நம்மவர்களும் இதைக் கூசாமல் சொல்கிறார்கள்.

முதலில் 'சேரி'. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் 68,812 குடும்பங்கள் குறைவசதிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன என்ற கணக்கை வைத்து நகர மீளுருவாக்கத் திட்டம் தொடங்கியது. கால்வாய் ஓரத்துப் பலகைக் குடிசையும், தன் பெயரில் தண்ணீர், கரண்ட் பில் வருகிற இரண்டு மாடிக் கல்வீடும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். 1980களில் பிரதமராக இருந்த பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், இருந்த இடத்திலேயே வீட்டைத் திருத்திக்கொள்ளக் கடன் கொடுத்தது. அதற்குப் பிறகு சீட்டுப் பிடித்தும், மத்திய கிழக்குக்குப் போய் உழைத்தும் அறை அறையாகக் கட்டியவர்கள் 'தோட்டம்' என்று அழைக்கப்படும் இந்தக் குடியிருப்புகளில் நிறையப் பேர்.

'சும்மா' என்பது அப்பட்டமான பொய். கல்வீட்டை இடித்துவிட்டு ஏறக்குறைய 400 சதுர அடி கொடுத்தார்கள். அதற்கும் பலரிடம் முற்பணம் கேட்டார்கள். மீதியை ஆண்டுக்கணக்கில் மாதத் தவணையாகக் கட்டச் சொன்னார்கள். நாட்கூலிக்காரனுக்கு மாதத் தவணை என்றால் என்ன என்று வங்கியில் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முடுக்கில் வாசலில் இடியப்பம் அவித்து விற்றவளுக்கு ஒன்பதாம் மாடியில் வாசல் ஏது? த்ரீவீல்காரனுக்குத் தன் வண்டி கண்ணில் படாது.

'நாறடிக்கிறார்கள்' என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கால்வாய் வெள்ளத்தில் வருடாவருடம் நனைந்தவர்களுக்கும், பொதுக் கக்கூசுக்கு வரிசையில் நின்றவர்களுக்கும் மாடி வீடு நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. நிலத்தில் வீடு இருந்தால் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டலாம். தொடர்மாடியில் விறகைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி, புகை போக வழியில்லாத குசினியில் சமைக்க வேண்டும். சுவர் கறுத்துப்போனால் 'இதுகளுக்கு மாடியில் இருக்கத் தெரியாது' என்பார்கள். அந்த மின்வெட்டிலும் வெள்ளவத்தை மாடிகளில் லிப்ட் ஓடியது குடியிருந்தவர்களின் ஒழுக்கத்தால் அல்ல, ஜெனரேட்டரால். அதற்கு மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டக்கூடிய சம்பளத்தால். அதற்கு முன் 2020 நவம்பரில், கொரோனாவுக்காக ரந்திய உயன போன்ற தொடர்மாடிகளை முழுதாகப் பூட்டினார்கள். பல குடும்பங்களுக்குப் பொதுவான படியும் நடையும் உள்ள கட்டடத்தில் இடைவெளி பேணுவது எப்படி?

கடைசியாக, கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லப்படும் வாதம்: நகரத்தின் பெறுமதியான காணியை இவர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அதிகார சபையின் கணக்குப்படியே இந்தக் குடியிருப்புகள் மொத்தம் சுமார் 900 ஏக்கர். கொழும்பு மாநகர நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் நகரத்தின் பாதிச் சனம் இருப்பதாக அவர்களே சொன்னார்கள். மீதி நிலத்தை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த அதிகாரிகள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விடுவித்த காணியை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்துத் திட்டச் செலவை ஈடுசெய்வதுதான் ஏற்பாடு. அப்படியானால் தொடர்மாடிக்குப் பணம் போட்டது இடிபட்ட தோட்டங்கள்தான்.