தேய்ப்பதற்கு முன்பு

பழைய காரை விற்கிறவர் அதை வெயிலில் நிறுத்திக் காட்டுவது அபூர்வம். கார் நிழலில் நிற்கும், அல்லது அப்போதுதான் கழுவிய ஈரத்தோடு நிற்கும். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் கீறல்களை நிரப்பி மட்டமாக்கிவிடுவதால் பத்து வயதுக் கார்கூட ஷோரூமிலிருந்து வந்தது போல மின்னும். வீட்டுக்கு ஓட்டி வந்து மறுநாள் வெயிலில் பார்க்கும்போதுதான் பானெட் முழுக்கச் சிலந்தி வலை தெரியும். உடனே எல்லோரும் பாலிஷ் போடும் கடையைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் பெயின்ட்டின் தடிமனைத் தெரிந்துகொள்வது நல்லது.

தகட்டின் மேல் துருத்தடுப்பு அடுக்கு, பிரைமர், நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இதில் தேய்க்க இடம் தருவது கிளியர் கோட் மட்டுமே. அது 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. கீறலை எடுப்பது என்றால், அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிவிடுவது என்று அர்த்தம். மிதமான பாலிஷ் ஒன்றிரண்டு மைக்ரானோடு விட்டுவிடும். முரட்டு காம்பவுண்டும் வாட்டர் பேப்பரும் அதைப் போலப் பல மடங்கு தின்னும். போனது திரும்ப வராது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனமும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. அடுக்கு மெலிந்துவிட்டால் சில கோடைகளில் கூரையும் பானெட்டும் வெளுத்து, தோல் உரிவது போல உரியத் தொடங்கும். அப்புறம் எந்த பாலிஷும் உதவாது, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

சிலந்தி வலை என்று சொன்னாலும் உண்மையில் அங்கே வளையங்கள் இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகப் போகும் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளில், வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அதனால் சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது. கறுப்புக் காரில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையும் வெள்ளி நிறமும் மறைத்துவிடும்.

இந்தக் கோடுகளைப் போடுவது பெரும்பாலும் துணிதான். டெல்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடி வாசல்களில் விடியற்காலையில் பார்க்கலாம்: ஒரே பக்கெட், ஒரே துணி, வரிசையாகப் பத்துக் கார்கள். நம் ஊர்த் தூசியில் பெயின்ட்டைவிடக் கடினமான குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. உலர்ந்த தூசியின் மேல் துணியை ஓட்டுவதும் உப்புத்தாளை ஓட்டுவதும் ஒன்றுதான். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரை பக்கெட் தண்ணீரும் கிழிந்த பனியனும் கொடுத்தது கார்க்காரர்தானே. தூசி படிந்த காரின் மேல் கவரைப் போட்டு, அது காற்றில் இரவெல்லாம் அடித்துக்கொள்ள விடுவதும் இதே வேலையைச் செய்யும். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனத்தை நாலு நாள் கழித்துச் சுரண்டுவது இன்னொன்று. பூஜை முடிந்த அன்று மாலையே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

எந்தக் கீறலில் கை வைக்கலாம்? நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். தட்டவில்லை என்றால் கிளியர் கோட்டின் மேல்பகுதியோடு நின்றுவிட்டது, பாலிஷில் போகும். நகம் தட்டினால் அதை மழுங்க வைக்கலாம், முழுசாக எடுக்க முயல்வது பேராசை. உள்ளே வேறு நிறம் தெரிந்தால் அங்கே பாலிஷுக்கு வேலையில்லை, டச்-அப் பெயின்ட் தேவை. தகடே தெரிந்தால் மழை வருவதற்குள் மூடிவிடுங்கள், அழகுக்காக அல்ல, துருவுக்காக.

வேலையை நீங்களே செய்வதானால் நன்றாகக் கழுவி, நிழலில், தகடு சூடில்லாதபோது தொடங்குங்கள். ஓர் அடிச் சதுரத்தில் மிக மிதமான பாலிஷும் மெத்தென்ற ஃபோம் பேடும் வைத்துச் சோதியுங்கள். அது போதவில்லை என்றால்தான் அடுத்த படி. ஒர்க்‌ஷாப்புகளில் தலைகீழாக நடக்கும்: முதலிலேயே கம்பளி பேடும் முரட்டு காம்பவுண்டும். அங்கே பெரும்பாலும் இருப்பது ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷின். நல்ல கையில் அது அற்புதம், கற்றுக்குட்டியின் கையில் பெயின்ட்டைச் சுட்டுவிடும். பழைய கோட்டை எடுத்துத் தன் கோட்டைப் போட்டுவிட்டும் போகும். சுழன்றபடியே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவானது, புதியவருக்கு அதுதான் பத்திரம். கதவு விளிம்பிலும் உடல் மடிப்புகளிலும் பெயின்ட் மெலிந்திருக்கும், அங்கே டேப் ஒட்டுங்கள். பழைய மாருதி 800, அம்பாசடர் (இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது) வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது; துணியில் காரின் நிறம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிடுங்கள்.

பற்பசை வைத்தியம் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. பற்பசையும் ஒரு தேய்ப்புப் பொருள்தான், லேசான கோட்டை எடுத்து அந்த இடத்தை மங்கலாக்கிவிடும். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கீறலை நிரப்பி ஒன்றிரண்டு நாள் மறைக்கும். இப்போது எல்லோரும் விற்கும் செராமிக் கோட்டிங் கீறலை எடுக்காது, இருக்கும் கீறலின் மேல் மூடி போடும். அதில் பெருமையாகச் சொல்லப்படும் 9ஹெச் என்பது பென்சில் கடினத்தின் அளவு. வைரத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பேசுவது விற்பனைப் பேச்சு.

எண்ணெய்த் தந்திரம் கடைகளிலும் உண்டு. எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸ் தடவிய கார் நாலைந்து முறை கழுவும் வரை கண்ணாடியாக இருக்கும், பிறகு பழைய கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். ஆகவே வாங்கும்போதே, விற்பவரின் அனுமதியோடு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெத்தென்ற துணியில் நனைத்து ஓரிடத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் பெயின்ட் தடிமன் பார்க்கும் கேஜ் உள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். மற்ற இடங்களில் 120 காட்டி, ஒரு கதவில் மட்டும் 250 காட்டினால் அந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கக்கூடும். 80-க்கு வெகு கீழே இறங்கினால் பலமுறை தேய்த்த வண்டியாக இருக்கலாம். அதில் இன்னொரு பாலிஷுக்கு இடமில்லை, கோடுகளோடேயே ஓட்ட வேண்டியதுதான். கேஜ் கிடைக்காதவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் சரியாக ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக் ஆனதால் அங்கே எப்போதுமே ஒட்டாது. அதைக் காட்டி விற்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.