ஓசூர் விமான நிலையம்: வாசல் ஊர்ப் பக்கம் திறக்கட்டும்

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து துபாய்க்கோ டெல்லிக்கோ விமானம் ஏற வேண்டுமானால், சென்னைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பெங்களூருவின் தேவனஹள்ளிக்கு. பெங்களூரு வழியைப் பிடிப்பவர்கள் கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, அந்த மாநகரின் தென்முனையில் நுழைந்து வடமுனையில் வெளியேற வேண்டும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்குப் பயந்து அரை நாள் முன்பே கிளம்பிவிடுவார்கள். நெரிசல் இல்லாத நாளில் நான்கைந்து மணி நேரம் மிஞ்சும். கனெக்டிங் விமானத்துக்குக் காத்திருப்பவர் நிலையும் இதேதான். கையில் பெட்டி, எதிரே கண்ணாடிச் சுவர், காபி விலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு.

இத்தனைக்கும் பக்கத்திலேயே தேவனஹள்ளிக் கோட்டை இருக்கிறது. 1501இல் மண்கோட்டையாக எழுந்து, ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் கல்லாக மாறியது; உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. திப்பு பிறந்த இடம் கோட்டைக்கு வெளியே சின்னதாக ஒரு கல் மண்டபம். 1749இல் இதே கோட்டையின் முற்றுகையில்தான் ஹைதர் அலி மைசூர் அரசின் கண்ணில் பட்டார். 1767 செப்டம்பரில் அவருடைய படை, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கிய ஆங்கிலேயக் கர்னல் ஜோசப் ஸ்மித்தைத் துரத்திச் சென்று செங்கத்தில் மோதியது. ஆக, எங்கள் பகுதிக்காரர் தேவனஹள்ளியில் காத்திருக்கும்போது, தன் ஊர் வரலாற்றின் முதல் அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். போய்ப் பார்ப்பவர் அபூர்வம்.

ஆர்வம் இல்லாததல்ல காரணம். 2008இல் திறந்த தேவனஹள்ளி விமான நிலையம் நெடுஞ்சாலையோடு மட்டும் உறவாடும்படி கட்டப்பட்டது. வாயு வஜ்ரா பேருந்துகள் மாநகருக்கு ஓடுகின்றன. பக்கத்து ஊருக்குப் போய்வர நினைத்தால் பெரும்பாலும் டாக்சிதான் கைகொடுக்கும், அதன் கட்டணமோ ஆசையை அடக்கிவிடும். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. விமான நிலையங்களின் வருமானத்தில் கடை வாடகைக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளே உலாவும் பயணி வருமானம். கோட்டை பார்க்கப் போனவர் நஷ்டம். 2022 நவம்பரில் 108 அடி கெம்பே கவுடா சிலையும், தோட்டங்கள் நிறைந்த இரண்டாம் முனையமும் திறக்கப்பட்டன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரை உள்ளே கொண்டுவந்து காட்டுவது வேறு, ஊருக்குள் போகவிடுவது வேறு.

சென்னை நிலையம் திட்டமிடாமலேயே இதைச் சாதித்திருக்கிறது. முனையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். அதன் பின்னே மலையடிவாரத்தில் சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில். புறநகர் ரயிலில் ஒரே நிறுத்தம் தள்ளி பல்லாவரம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்வரலாற்றையே பின்னோக்கித் தள்ளிய மண் அது. வெள்ளிக்கிழமையானால் அங்கே சந்தை: பழைய மிக்ஸியிலிருந்து புறா வரை எல்லாம் கிடைக்கும். எதிர்த்திசையில் பரங்கிமலை, 1802இல் லாம்டன் இந்திய நிலத்தை அளக்கத் தொடங்கியபோது போட்ட அடிக்கோட்டின் ஒரு முனை அதன் அருகில்தான். நான்கு மணி நேரத்துக்கு இது தாராளம். இந்த இடங்களை ஒரு தாளில் அச்சடித்துப் பயணியிடம் நீட்ட யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் விந்தை.

சிங்கப்பூருக்குத் தோன்றியிருக்கிறது. சாங்கியில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் டிரான்சிட் பயணியை இலவசப் பேருந்தில் ஏற்றி இரண்டரை மணி நேரம் ஊர் சுற்றிக்காட்டுகிறார்கள். சியோலின் இஞ்சியோன் விமான நிலையத்திலும் இப்படி உண்டு. இந்தியாவில் வெளிநாட்டவருக்கு விசா தடை இருக்கும். உள்நாட்டுப் பயணிக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் ஓசூர். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தம், 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் வருவதை 2033 வரை தடுக்கிறது. இதைக் கேட்டு அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது வரைபடத்தைச் சரியாகப் போடக் கிடைத்த அவகாசமாகத் தெரிகிறது.

ஓசூர்ப் பக்கம் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த ஊர் டீக்கடையில் நின்றதில்லை. தெலுங்கில் கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் திட்டும் ஊர் அது. சந்திரசூடேஸ்வரர் மலை, பாகலூர், பேரிகையின் ரோஜாக் குடில்கள், பருவத்தில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகள். இவற்றுக்காகப் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். பெட்டியை நியாயமான கட்டணத்தில் வைத்துப் போக ஓர் அறை, முனைய வாசலிலேயே நிற்கும் டவுன் பஸ், சுற்றுச்சுவரில் ஊர்ப் பக்கமாக நடைபாதையோடு ஒரு வாசல். இந்த மூன்றும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்; பிறகு சேர்க்கலாம் என்றால் ஒருபோதும் சேராது.

அந்த வாசல் பயணிக்காக மட்டும் அல்ல. தேவனஹள்ளி வட்டத்தில் விண்வெளித் தொழில் பூங்காவுக்காக 1,777 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலையில் கர்நாடக அரசு அதைக் கைவிட்டது. நிலையம் வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும், பக்கத்து ஊரார் அதை நிலம் கேட்டு வரும் அண்டை வீட்டுக்காரராகவே பார்த்தார்கள். ஓசூரில் நிலம் கொடுக்கப் போகிறவர், தன் மகள் அந்த வாசலுக்கு வெளியே இட்லிக்கடை போட முடியுமா, சுற்றுச்சுவருக்குள் உணவுக் கூடத்தின் குத்தகை வெளியூர் நிறுவனத்துக்கே போகுமா என்றுதான் முதலில் கேட்பார். நிலையத்தைத் திட்டமிடும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோ அதற்கு வைத்திருக்கும் பதில் நிலம் எடுக்கும் அறிவிப்போடு சேர்ந்தே வர வேண்டும்.